தூக்கத்தில் பல் கடிக்கிறேன், போட்ட கேப்பும் பெயர்ந்துவிட்டது. நைட் கார்டு மட்டும் போதுமா?

கேள்வி: பின்னலாடை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை.

தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டுக்காரர் போன வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் எலி எதையோ கொறிக்கிறது என்று நினைத்து லைட் போட்டுப் பார்த்தாராம். எனக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் காலையில் எழுந்தால் இரண்டு நெற்றிப்பொட்டிலும் வலி இருக்கிறது. தாடை இறுகிப்போய், இட்லியை மெல்லுவதற்குக்கூட கொஞ்ச நேரம் ஆகிறது.

வலது பக்கக் கீழ் கடைவாய்ப் பல் விரிசல் விட்டு, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். சில மாதத்திலேயே அதன் மேல் செராமிக் ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரிகிறது. கேப் போட்ட கிளினிக்கில் கேட்டால், "நீங்க கடிச்சதுதாங்க காரணம், வாரண்டி வராது" என்றார்கள். ராத்திரி பல்லின் மேல் உறை போல மாட்டிக்கொள்கிற நைட் கார்டு போடச் சொல்லி சில ஆயிரம் ஆகும் என்றார்கள். இன்னொரு டாக்டர், மேல் கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாததுதான் காரணம், எல்லாப் பல்லையும் கொஞ்சம் ராவிச் சமப்படுத்தினால் கடிப்பது நின்றுவிடும் என்கிறார். கூட வேலை பார்க்கும் பெண், தாடையில் போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகும் என்கிறாள். மூன்றில் எதைச் செய்வது?

இன்னும் இரண்டு விஷயம். அப்பா தவறிய பிறகு பதற்றமும் தூக்கமின்மையும் இருந்ததால் மனநல மருத்துவர் செர்ட்ராலின் கொடுத்திருக்கிறார். மனசு இப்போது எவ்வளவோ தேவலை. டீ ஒரு நாளைக்கு நாலைந்து ஆகிவிடும். அப்புறம், என் 6 வயதுப் பையனும் ராத்திரி பல் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்று மாமியார் உறுதியாகச் சொல்கிறார். அவனுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: கொங்கு பைக்கர்

இதுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணணும்? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு கார்டு கிடைக்கிறது. வெந்நீரில் போட்டு எடுத்து வாயில் வைத்துக் கடித்தால் உங்கள் பல் வடிவத்துக்கு வந்துவிடும். வாங்கிப் போடுங்கள்.

பதில்: மதுரை பல் லேப்

சகோதரி, நான் டாக்டர் இல்லை. மதுரையில் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவில் மாடல் ஊற்றி, கேப், பல்செட், நைட் கார்டு எல்லாம் செய்து கொடுப்பது 20 வருடத்துக்கு மேலாக என் தொழில். ஆளைப் பார்க்க மாட்டேன், பல்லைத்தான் பார்ப்பேன். அதனால் பல் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். மற்றவை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக அது தேயும், அவ்வளவுதான். அந்த வேலை மிகவும் அவசியமானது, ஏனென்றால் எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. ஆனால் கார்டு போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டால், ஏன் கடிக்கிறோம் என்று யாரும் தேடவே மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கடிப்பவர்களின் மாடல் மேசைக்கு வந்தவுடனே தெரிந்துவிடும். கோரைப்பல் நுனி தட்டையாகி இருக்கும். மேல் மாடலையும் கீழ் மாடலையும் கையில் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால், ஓர் இடத்தில் தேய்ந்த முகமும் தேய்ந்த முகமும் கச்சிதமாகப் போய் உட்காரும். சாப்பாடு மெல்லும்போது யாருடைய தாடையும் அவ்வளவு தூரம் ஒதுங்காது. ராத்திரி தாடை எங்கே போய் நின்று அரைக்கிறது என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பழைய வெள்ளி அடைப்பு இருக்கிற பல்லைப் பாருங்கள். வெறும் கடியால் தேய்ந்தால் பல்லும் அடைப்பும் ஒரே மட்டத்தில் தேயும். சில மாடல்களில் சுற்றியிருக்கும் பல் குழிந்து, அடைப்பு மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அது அமிலம் செய்கிற வேலை. எதுக்களிப்பு, புளித்த ஏப்பம் இருப்பவர்களுக்கும் அடிக்கடி கூல்டிரிங்ஸ், எலுமிச்சை ஜூஸ் குடிப்பவர்களுக்கும் அப்படி வரும். அமிலத்தில் இளகிய எனாமல் மேல் ராத்திரிக் கடியும் சேர்ந்தால் தேய்மானம் வேகமாகப் போகும். உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? உண்டென்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். புளிப்பாக ஏதாவது சாப்பிட்டதும் பல் துலக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். பல்பொடி, கரித்தூள், உப்பு வைத்துத் தேய்க்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

பல்லை ராவிச் சமப்படுத்துவது பற்றி. பல் பொருந்தாததால்தான் கடிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். தூக்கத்தை இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை சில விநாடி விழிப்பு நிலைக்கு வருகிறது, இதயத்துடிப்பு கூடுகிறது, அதன் பிறகுதான் தாடைத் தசை இறுகுகிறது. தொடக்கம் மூளையில்தான் இருக்கிறது. 2018ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய அறிக்கையும், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதைத் தனி நோய் என்று சொல்லாமல் தசையின் ஒரு செயல்பாடு என்றே சொல்கிறது. பல்லுக்கும் தாடை மூட்டுக்கும் சேதம் வரலாம் என்பதால்தான் கவனிக்கச் சொல்கிறார்கள். ஆகவே நல்ல பற்களை ராவ ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிதாகப் போட்ட கேப் உயரமாக முட்டினால் அந்தக் கேப்பை மட்டும் குறைப்பது வேறு விஷயம், அதைச் செய்யத்தான் வேண்டும்.

போடாக்ஸ் போட்டால் தசையின் வலு குறையும், அதனால் கடியின் அழுத்தமும் குறையும். மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். கடிக்கிற தூண்டுதல் அப்படியேதான் இருக்கும். தாங்க முடியாத வலி இருப்பவர்களுக்கு, தாடை மூட்டு பார்க்கும் நிபுணர் யோசித்துச் செய்ய வேண்டியது அது. நீங்கள் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

வெந்நீர்க் கார்டு பற்றித் தம்பி எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். அது மெத்தென்று இருப்பதால் சிலர் சூயிங்கம் போல அதை மென்றுகொண்டே இருப்பார்கள், தசை இன்னும் களைத்துப்போகும். எல்லாப் பல்லும் ஒரே அளவில் அதன்மேல் படாது. முன்பல்லில் மட்டும் மாட்டுகிற சின்னக் கார்டுகளை மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் போட்டால், மூடப்படாத பின்பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடலாம்.

நான் செய்வது ஒரு தாடைப் பற்கள் முழுவதையும் மூடுகிற கெட்டி அக்ரிலிக் கார்டு. கடைவாய்ப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் கனம் வரும். மேல் தாடை, கீழ் தாடை இரண்டின் அளவும் அதற்கு வேண்டும். கூடவே, வாயைக் கொஞ்சம் திறந்த நிலையில் எடுத்த கடி அளவும் வேண்டும். பலர் அந்த மூன்றாவதை அனுப்புவதில்லை. அது இல்லாவிட்டால் நான் ஊகத்தில் செய்ய வேண்டியிருக்கும், டாக்டர் வாயில் வைத்து நெடுநேரம் ராவ வேண்டிவரும், கடைசியில் பொருந்தாமல் அலமாரியில் கிடக்கும். எனவே அளவு எடுக்கும்போது, "கடி அளவும் எடுத்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கார்டு வந்ததும் நீலத் தாள் வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் எல்லாப் பின்பல்லும் சமமாகப் புள்ளி விழ வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லிப் பார்ப்பவர்தான் நல்ல டாக்டர்.

கடைசியாகப் பகல் பொழுது. ராத்திரிக் கடியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பகலில் சத்தமில்லாமல் பல்லை இறுக்கி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் கீழ்ப் பற்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் அது அரை மணி நேரம்கூட வராது. என் மனைவி தையல் செய்கிறவள். மெஷின் ஓடும்போதெல்லாம் தாடை இறுகும், சாயந்தரம் நெற்றிப்பொட்டு வலி வரும். மெஷின் தலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினோம். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்து, தோளைத் தளர்த்த வேண்டும். உதடு மூடியிருக்கலாம், பல் தொடக் கூடாது. 'ன்' என்று சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கேயே நாக்கை வைத்துக்கொண்டால் பல் தானாகப் பிரிந்து நிற்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற உங்களுக்கு மானிட்டர் ஓரத்தில் ஒரு பொட்டு. இதற்குச் செலவே இல்லை, ஆனால் சில வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

பதில்: மருந்துக்கடை கோவை

மேலே அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். நான் பார்மசிஸ்ட்.

செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் மாதிரியான மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கி வைக்கும் அல்லது கூட்டும். பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் இது தெரியவரும். உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கும் தேதியையும், வீட்டுக்காரர் சத்தம் கேட்க ஆரம்பித்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் குலைவு வரும், பழைய பதற்றமும் திரும்பலாம். மனசு தேறி வருவது பல்லைவிடப் பெரிய விஷயம். அந்தத் தேதிகளோடு மனநல மருத்துவரிடம் போங்கள். டோஸைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, கூட ஒரு மருந்து சேர்ப்பது என்று அவரிடம் வழிகள் உண்டு. பல் டாக்டரிடமும் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள், பலர் மன மாத்திரை என்று கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள்.

டீயை மதியத்துக்குப் பிறகு குறைத்துப் பாருங்கள். காலைத் தலைவலிக்குத் தினம் வலி மாத்திரை போடும் பழக்கம் வேண்டாம், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். படுக்கும் முன் வெந்நீரில் பிழிந்த துணியைத் தாடையில் 15 நிமிடம் வைத்து எடுத்தால் இதமாக இருக்கும்.

பதில்: நாமக்கல் நைட் டிரைவர்

எனக்கும் இதே கதைதான். கார்டு போட்டேன், அதையும் கடித்துத் துளை போட்டுவிட்டேன். வேறொரு டாக்டர்தான் குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருமா என்று கேட்டார். இரண்டும் உண்டு. லாரி ஓட்டுகிறவன் நான், பகலில் கண் சொக்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். இரவுத் தூக்கப் பரிசோதனையில் மூச்சு அடிக்கடி தடைபடுவது தெரிந்தது. இப்போது மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்று செலுத்துகிற சிபாப் மெஷின் மாட்டித் தூங்குகிறேன். பல் கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதாக மனைவி சொல்கிறாள். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்காரரிடம் குறட்டை பற்றி, இடையில் மூச்சு நிற்கிறதா என்பது பற்றி அவசியம் கேளுங்கள்.

பதில்: மதுரை பல் லேப்

டிரைவர் சொன்னது முக்கியம். மூச்சுத்தடை இருக்கும் சிலருக்கு மேல் தாடைக் கார்டு அதைக் கூட்டியதாகவும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். குறட்டை இருந்தால் அளவு எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: இரண்டு வாண்டுகளின் அம்மா (தஞ்சாவூர்)

உங்கள் பையனைப் பற்றி, என் அனுபவத்தில். பெரியவனுக்கு 5 வயதில் இதே சத்தம். எங்கள் வீட்டிலும் பூச்சி என்றார்கள். குழந்தைகள் பல் டாக்டர் சொன்னது: பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உறுதியாகவில்லை. பூச்சி மாத்திரை எப்படியும் கொடுக்க வேண்டியதுதான், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். கொடுங்கள், ஆனால் அதனால் சத்தம் நிற்கும் என்று காத்திருக்காதீர்கள்.

பால் பல்லில் இது சகஜம், பெரும்பாலும் வளர வளரக் குறைந்துவிடும். தாடை வளர்கிற வயது என்பதால் பொதுவாகக் கார்டு போடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று மட்டும் ராத்திரி கவனியுங்கள். எங்கள் பையனுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தது, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். குறட்டை இல்லை, பல்லில் வலி இல்லை, கூச்சம் இல்லை என்றால் அவனைத் திட்டாமல் விடுங்கள். தூங்கும்போது நடப்பது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் செல்போனை வாங்கி வைத்துவிட்டுக் கதை சொல்லித் தூங்கவைத்தோம், அவன் அமைதியாகத் தூங்க அது உதவியது.

பதில்: பின்னலாடை

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். டோஸ் கூட்டிய அடுத்த மாதம்தான் வீட்டுக்காரர் எலி என்று எழுந்தது. மனநல மருத்துவரிடம் வரும் வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்குக் குறட்டை இல்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பையனும் வாயை மூடித்தான் தூங்குகிறான்.

லேப் அண்ணா, இரண்டு சந்தேகம். உடைந்த கேப்பை மாற்றிவிட்டுக் கார்டு போடுவதா, முதலில் கார்டா? மாற்றினால் எந்தக் கேப் நல்லது? அப்புறம், இடது பக்கமும் ஒரு பல்லில், கடிக்கும்போது வலிக்காமல் கடித்து விடும்போது சுருக்கென்று இருக்கிறது.

பதில்: மதுரை பல் லேப்

தங்கச்சி, முதலில் அந்த இடது பல்லைக் காட்டுங்கள். கடியை விடும்போது சுருக்கென்று வலிப்பது விரிசலின் அடையாளமாக இருக்கலாம், எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. டாக்டர் ஒவ்வொரு முனையாகச் சின்னக் குச்சியைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுவார். விரிசல் சின்னதாக இருக்கும்போதே கேப் போட்டால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வேர் வரை பிளந்துவிட்டால் எடுக்க வேண்டியதுதான். காட்டும் வரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, கரும்பு எதுவும் வேண்டாம்.

முதலில் கேப், பிறகு கார்டு. கார்டு அன்றைக்கு இருக்கிற பல்லின் வடிவத்துக்குச் செய்வது. கேப்பை மாற்றினால் பழைய கார்டு உட்காராது, உங்களுக்கு இரண்டு செலவு. இடது பல்லுக்கும் கேப் தேவைப்பட்டால் அதையும் முடித்துவிட்டே கார்டுக்கு அளவு கொடுங்கள்.

உங்களுக்குப் போட்டது உலோகத்தின் மேல் செராமிக் பூசியது. பலமாகக் கடிப்பவர்களுக்கு அந்தப் பூச்சுதான் பெயரும். கடைவாய்க்கு, மேல்பூச்சு இல்லாமல் ஒரே கட்டியில் கடைந்தெடுத்த சிர்கோனியா (மிகக் கெட்டியான வெள்ளை செராமிக்) கேளுங்கள். முழு உலோகக் கேப்பும் நன்றாக உழைக்கும், பின்னால் இருப்பதால் சிரித்தால் தெரியாது, செலவும் குறைவு. சிர்கோனியாவை வாயில் வைத்து ராவினால் மறுபடி பளபளவென்று பாலிஷ் செய்தே ஒட்ட வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அது தேய்த்துவிடும். இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

தனியாரில் செலவு கட்டுப்படியாகாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகளின் செயற்கைப் பல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பேராசிரியர் மேற்பார்வையில் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

கார்டு கைக்கு வந்த பிறகு: காலையில் எடுத்ததும் பச்சைத் தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்பு நீர் தொட்டுக் கழுவுங்கள். பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். வெந்நீர் கூடவே கூடாது, வளைந்துவிடும். வெயிலில் நிற்கிற காரிலும் வைக்காதீர்கள். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள், டப்பாவில் வையுங்கள். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், எங்கே தேய்கிறது என்று பார்த்து அவர் சரிசெய்வார்.

காலையில் கார்டை எடுத்ததும் சில நிமிடம் கடி மாறியது போல இருக்கும், அது சாதாரணம். மதியம் வரை அப்படியே இருந்தாலோ, தாடை திறக்க வலித்தாலோ போடுவதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.